ஜஅஃபரின் வீட்டுக்குச் சென்ற உணவு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 629. இன்றைய ஜோர்டான் நாட்டிலுள்ள முஅத்தா என்னுமிடத்தில் நடந்த போரில் முஸ்லிம் படையின் தளபதிகள் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஷஹீதானார்கள். அவர்களில் இரண்டாமவர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெரிய தந்தையின் மகன். அவருடைய உடலில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட காயங்கள் எண்ணப்பட்டதாக அப்போரில் கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

அச்செய்தி மதீனாவை அடைந்தபோது ஜஅஃபரின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைக்கு எண்ணெய் பூசி அமர்ந்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வந்து பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டார்கள். அவர்களின் கண்கள் கலங்கியதைக் கண்டே அஸ்மா (ரலி) நடந்ததை உணர்ந்துகொண்டார்கள். அக்குடும்பம் அபிசீனியாவில் நெடுங்காலம் அகதிகளாக வாழ்ந்து, மதீனாவுக்கு வந்து ஓராண்டு சற்றே கடந்திருந்த நேரம் அது.

தம் இல்லத்தாரிடம் திரும்பிய நபி (ஸல்) அவர்கள், ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்தனுப்புமாறு பணித்தார்கள். தங்களைப் பற்றி எண்ணவும் இயலாத துயரம் அவர்களைச் சூழ்ந்துகொண்டது என்பதே அதற்குக் கூறிய காரணம். அபூதாவூத், திர்மிதி, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இந்த ஹதீஸ் இடம்பெற்றுள்ளது. அன்று சமைக்கப்பட்டது என்ன என்பதையும் வரலாற்றாசிரியர் வாகிதி குறித்து வைத்துள்ளார். ஸல்மா என்ற பணிப்பெண் வாற்கோதுமையை அரைத்துப் புடைத்து, வேகவைத்து, ஸைத்தூன் எண்ணெய் சேர்த்து, மேலே மிளகுப்பொடி தூவினாராம். மிளகு அந்நாளில் நம் மேற்குக் கடற்கரையிலிருந்து அரபு நாடுகளுக்குச் சென்றுகொண்டிருந்த சரக்கு என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

நம் ஊர்களில் மவுத்தான வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று உறவினரும் அண்டை வீட்டாரும் முறைவைத்துச் சோறு கொண்டுவரும் வழக்கத்துக்கு வேர் இதுவே. ஆனால் இந்த சுன்னத் பிறந்த இடம் ஒரு போர்வீரரின் வீடு என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை.

போர்களின் வரலாறு மன்னர்களின் பெயர்களாலும் ஆண்டுகளாலும் நிறைந்தது. காயம்பட்டவனுக்குக் கஞ்சி காய்ச்சியவர் யார், அவன் பிள்ளைகளுக்கு அன்றிரவு உணவிட்டவர் யார் என்ற கேள்விகளுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள் இதற்கு விதிவிலக்கு. அப்பெண்களின் பெயர்களை ஹதீஸ் தொகுப்பாளர்கள் அறிவிப்பாளர் வரிசையோடு காத்து வைத்திருக்கிறார்கள்.

பாசறையில் சமைத்தவர்கள்

உம்மு அத்திய்யா (ரலி) அன்சாரிப் பெண்மணி. நபி (ஸல்) அவர்களோடு ஏழு போர்களுக்குச் சென்றதாக அவர்களே கூறுவது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. படையினர் களத்துக்குச் சென்றபின் பாசறையில் தங்கி உணவு சமைப்பது, காயமுற்றோருக்கு மருந்திடுவது, நோயுற்றோரைக் கவனிப்பது ஆகிய மூன்றும் அவர்கள் செய்த பணிகள். சமையலும் மருத்துவமும் அவர்களுடைய கூற்றில் ஒரே மூச்சில் வருகின்றன.

உஹதுப் போரில் ஆயிஷா (ரலி), உம்மு சுலைம் (ரலி) ஆகியோர் தோல்பைகளில் தண்ணீர் சுமந்து காயம்பட்டோரின் வாயில் ஊற்றினார்கள். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள், தாங்கள் வீரர்களுக்கு நீர் புகட்டி, மருந்திட்டு, ஷஹீதானவர்களையும் காயமுற்றோரையும் மதீனாவுக்குக் கொண்டுவந்ததைக் கூறுகிறார்கள். இவை புகாரியில் உள்ளவை.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பை ஓர் அம்பு துளைத்தது. அவரை அருகிலிருந்து நலம் விசாரிக்க ஏதுவாக, பள்ளிவாசலிலேயே கூடாரத்தில் தங்கவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அக்கூடாரம் அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) அவர்களுடையது என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். கவனிப்பாரற்ற காயமுற்றோரைத் தம் பொறுப்பில் ஏற்று, அல்லாஹ்விடம் மட்டும் கூலியை நாடி ருஃபைதா பணிசெய்தார்கள். தொழுகை நடந்த அதே வளாகத்தில் சிகிச்சையும் நடந்தது. பள்ளிவாசல் வளாகத்தில் மருத்துவ முகாம் நடத்தலாமா என்று தயங்கும் ஜமாஅத்துகள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோயாளிக்கு என்ன உணவு தகும் என்பதிலும் அக்காலத்தவர்க்குத் தெளிவு இருந்தது. வாற்கோதுமை மாவைக் காய்ச்சிச் செய்யும் தல்பீனா என்ற கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் நோயுற்றோருக்கும் துயருற்றோருக்கும் கொடுக்கச் சொல்வார்கள். குடும்பத்தில் ஒருவர் மரணித்து, துக்கத்துக்கு வந்த பெண்கள் கலைந்துசென்றபின், நெருங்கியவர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில் ஒரு பானைத் தல்பீனாவைக் காய்ச்சச் செய்வார்கள். அது நோயாளியின் இதயத்தை ஆறுதல்படுத்தி, கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) கூறியதை எடுத்துரைப்பார்கள். கூட்டம் கலைந்தபின் என்னும் சிறு குறிப்பு கருதத்தக்கது. வந்தவர்கள் போனபிறகுதான் வீட்டில் வெறுமை தொடங்குகிறது. ஆயிஷா (ரலி) பானையை அடுப்பிலேற்றச் சொன்ன நேரம் அதுவே.

எதிரிக்கும் இந்தப் பந்தியில் இடமிருந்தது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ரில் சிறைப்பட்டவர்களுள் ஒருவர் அபூஅஸீஸ். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் உடன்பிறந்தவர். தம்மைக் காவலில் வைத்திருந்த அன்சாரிகள், கைதிகளிடம் நல்லமுறையில் நடந்துகொள்ளுமாறு நபி (ஸல்) கட்டளையிட்டதன் காரணமாக, ரொட்டியைத் தமக்குக் கொடுத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தை மட்டும் தாங்கள் உண்டதையும், அதைக் கண்டு தமக்கே வெட்கமாக இருந்ததையும் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். மதீனாவில் பேரீச்சம்பழம் மலிவு, ரொட்டி அரிது. பசித்தவனுக்கு உணவிடுவோர் அவனிடம் கைம்மாறும் நன்றியும் எதிர்பாராதவர்கள் என்று அத்தியாயம் அத்தஹ்ரில் திருக்குர்ஆன் போற்றும் பண்பின் செயல்வடிவம் இது.

தனிமனிதர் செய்த இப்பணி பின்னர் நிறுவனமாக வளர்ந்தது. டமாஸ்கஸில் 1154ஆம் ஆண்டு நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையில் குணமடைந்தவர்களுள் ஒருவர் கலாவூன். அவர் சுல்தானானபின் 1284இல் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனையைக் கட்டினார். ஏழை, செல்வர், படைவீரர், அடிமை என்ற பாகுபாடின்றி அனைவருக்கும் அது திறந்திருந்தது. மருந்தோடு உணவும் அதன் வக்ஃபு வருவாயிலிருந்தே வழங்கப்பட்டது.

அரண்மனையில் ஒன்பது சமையலறைகள்

இனி நம் நாட்டவரின் கதைக்கு வருவோம். 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது இந்தியப் படைகள் பிரான்ஸ் நாட்டுக் களத்துக்கு அனுப்பப்பட்டன. காயமுற்றோர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்த ராயல் பெவிலியன் என்னும் பழைய அரண்மனை, 1914 டிசம்பரில் 700க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக மாறியது.

அந்த அரண்மனை வளாகத்தில் ஒன்பது சமையலறைகள் இயங்கின. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சீக்கியர்களுக்கும் அவரவர் முறைப்படி அவரவர் மக்களே சமைத்தனர். ஹலாலான முறையில் ஆடறுக்கத் தனி ஏற்பாடு இருந்தது. தண்ணீர்க் குழாய்கள்கூடத் தனித்தனி. அறிவிப்புகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில் வைக்கப்பட்டன. முஸ்லிம்கள் கிப்லாவை முன்னோக்கித் தொழக் கிழக்குப் புல்வெளி ஒதுக்கப்பட்டது. இறந்த முஸ்லிம் வீரர்கள் வோக்கிங் நகரின் ஷாஜஹான் பள்ளிவாசலுக்கு அருகே ஹார்ஸல் காமன் என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். வளைவுகளும் சிறு குவிமாடங்களும் கொண்ட அக்கபர்ஸ்தானின் மதில் இன்றும் நிற்கிறது.

அரசின் ஏற்பாட்டுக்கு அப்பால் தன்னார்வலர்களின் பங்கும் இருந்தது. லண்டனில் படித்துக்கொண்டும் பணிசெய்துகொண்டும் இருந்த இந்தியர்கள், அப்போது அங்கு வந்திருந்த காந்தியடிகளின் முயற்சியால் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்யும் பயிற்சிப் படையொன்றில் சேர்ந்தனர். அதில் பலர் நெட்லி இராணுவ மருத்துவமனையில் இந்திய வீரர்களுக்குப் பணிபுரிந்தனர். மதராஸ் மாகாணத்து மக்கள் திரட்டிய நிதியில் ஒரு பயணிக் கப்பல் மருத்துவக் கப்பலாக மாற்றப்பட்டு, ‘மதராஸ்’ என்ற பெயரிலேயே காயமுற்றோரைச் சுமந்து சென்றது.

இந்தப் படத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது சமையலறைகளுக்குப் பின்னால் ஆட்சியின் கணக்கும் இருந்தது. இந்திய வீரர்களின் மனம் உடைந்தால் படையும் உடையும் என்பதை ஆங்கிலேயர் 1857இலேயே கண்டிருந்தனர். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1806 ஜூலை 10 அன்று, நம் வேலூர்க் கோட்டையில் தலைப்பாகையையும் சமய அடையாளங்களையும் தொட்டதற்கு விலைகொடுத்திருந்தனர். எனவே பெவிலியனின் புகைப்படங்களும் அஞ்சலட்டைகளும் பெருமளவில் பரப்பப்பட்டன. அதேவேளையில் வீரர்களின் கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. மருத்துவமனையைச் சுற்றி வேலியிட்டு நகருக்குள் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. காயம் ஆறியவர்கள் வீடு திரும்பாமல் மீண்டும் களத்துக்கே அனுப்பப்பட்டது அவர்களுக்குப் பெரும் மனக்குறையாக இருந்தது.

உணவு நல்லதாகவே இருந்தது. அதை மறுப்பது நியாயமன்று. எனினும் அமல்கள் யாவும் நிய்யத்தைக் கொண்டே அமைகின்றன என்று பாடம் படித்த சமுதாயம், உம்மு அத்திய்யாவின் பானைக்கும் அரண்மனைச் சமையலறைக்கும் உள்ள வேறுபாட்டை உணராமல் இருக்க முடியாது. முன்னது ஊட்டியபின் எதையும் திரும்பக் கேட்கவில்லை.

குத்துல் அமாராவில் பசி

1915இன் இறுதியில் இந்தியக் காலாட்படைப் பிரிவுகள் பிரான்சிலிருந்து மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, மாற்றப்பட்டன. அங்கே டைகிரிஸ் நதிக்கரையில் குத்துல் அமாரா என்ற ஊரில் ஒரு பிரிட்டிஷ் இந்தியப் படை உஸ்மானியரால் முற்றுகையிடப்பட்டிருந்தது. அதை மீட்கவே இப்பிரிவுகள் போரிட்டன. மீட்க இயலவில்லை. 147 நாள் முற்றுகைக்குப்பின் 1916 ஏப்ரல் 29 அன்று அப்படை சரணடைந்தது. ஏறத்தாழ 13,000 பேர் சிறைப்பட்டனர்.

முற்றுகைக்குள் இருப்பு குறைந்தபோது குதிரைகளை அறுத்து இறைச்சி வழங்கினர். இந்திய வீரர்களில் பெரும்பாலோர், முஸ்லிம்களும் இந்துக்களும், அதை உண்ண மறுத்தனர். இந்தியாவிலிருந்து மார்க்க அறிஞர்களின் அனுமதியைப் பெற்றுத் தெரிவித்தும் கடைசி வாரங்கள் வரை தயக்கம் நீங்கவில்லை. ஊருக்குத் திரும்பினால் வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற எண்ணமும் அதில் இருந்தது. பசியால் வாடும் மனிதனின் தட்டிலும் அவனுடைய வீடு உடனிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே மருத்துவ உலகம் ஒன்றைக் கற்றது. தீட்டிய வெள்ளை மாவை உண்ட ஆங்கிலேய வீரர்களைப் பெரிபெரி தாக்கியது. தவிடு நீக்காத ஆட்டா மாவை உண்ட இந்தியர்களுக்கு அந்நோய் வரவில்லை. ஆனால் இறைச்சியும் காய்கறியும் இன்றி அவர்கள் ஸ்கர்வியால் வாடினர். மெசபடோமியக் களம் முழுவதிலும் ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் இந்நோய்க்கு ஆளாயினர். லண்டன் லிஸ்டர் ஆய்வகத்தில் ஹாரியட் சிக் என்ற பெண் அறிவியலாளரும் அவருடைய தோழியரும் நடத்திய ஆய்வுகள், உலர்ந்த பயறில் இல்லாத ஸ்கர்வி தடுக்கும் சத்து, அதே பயறை நனைத்து முளைகட்டினால் உண்டாகிறது என்று நிறுவின. படைகளின் மூட்டைகளில் பருப்பும் பயறும் நிறையவே இருந்தன. அவற்றில் முழுப்பயறை நனைத்துத் துணியில் கட்டிவைக்கும் நம் பாட்டிமார்களின் வழக்கம் மட்டும் களத்தை எட்டவில்லை. வீட்டு உணவை மருத்துவத்தின் பகுதியாகக் கருத வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

முன்னதாக, 1912 டிசம்பரில் டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு பம்பாயிலிருந்து துருக்கிக்குப் புறப்பட்டது. பால்கன் போரில் காயமுற்ற உஸ்மானிய வீரர்களுக்குப் பணிபுரிந்து 1913இல் திரும்பியது. மௌலானா முஹம்மத் அலியின் ‘காம்ரேட்’ இதழ் வழியாக இந்திய முஸ்லிம்கள் தந்த நன்கொடையே அதன் முதலீடு. எந்த அரசின் ஆணையுமின்றிக் குடும்பங்களின் சேமிப்பிலிருந்து சென்ற சேவை அது.

இரண்டாம் உலகப்போரில் அத்தகைய பணியின் இன்னொரு வடிவத்தைக் காண்கிறோம். 1939இல் லண்டனில் இந்தியர் நல உதவி நிதி ஒன்று தொடங்கப்பட்டது. இந்தியா ஹவுஸ் கட்டடத்தில் ஆங்கிலேய, இந்தியப் பெண்கள் தன்னார்வலர்களாக அமர்ந்து கம்பளி உடைகள் பின்னினர். ஜெர்மனியிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்களுக்கு உணவுப் பொட்டலங்கள் கட்டினர். அச்சிறைவாசிகளில் பிரான்சில் கோவேறு கழுதைகளோடு பணியாற்றிச் சிறைப்பட்ட பஞ்சாப் முஸ்லிம்களும் இருந்தனர். பொட்டலங்களில் பருப்பு, ஆட்டா, நெய், மசாலைப்பொடி ஆகியவை இடம்பெற்றன. முள்வேலிக்குள் ஒரு பிடி மசாலைப்பொடி என்ன செய்யும் என்பதை வளைகுடாவில் அறைவாசம் செய்த நம் வாப்பாமார்களும் அண்ணன்மார்களும் நன்கு அறிவார்கள்.

மணவூர் வழியே செல்லும் தண்டவாளம்

திருத்தணி வட்டாரத்தில், திருவாலங்காட்டை அடுத்துள்ளது மணவூர். அதன் வழியே செல்லும் இருப்புப்பாதை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடிய இரயில் இவ்வழியாகத்தான் சென்றது. அன்றுமுதல் இத்தடத்தில் எத்தனையோ சிப்பாய்கள் போயிருக்கிறார்கள். திரும்பாதவர்களும் உண்டு. அரக்கோணத்தில் இன்று ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம் இருக்கிறது. மேற்கே வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை, வீட்டுக்கொருவரைப் படைக்கு அனுப்பும் ஊர் என்பதால் ‘இராணுவப்பேட்டை’ என்றே அழைக்கப்படுகிறது.

தமிழகச் சிற்றூர்கள் சிலவற்றில் முதல் உலகப்போர் நினைவுக் கல்வெட்டுகள் உள்ளன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்பதே அவற்றின் வாசகம். எண் இருக்கிறது, பெயர் இல்லை. அவர்களின் உம்மாக்களும் மனைவியரும் அன்றிரவு என்ன உண்டார்கள் என்பது எங்கும் பொறிக்கப்படவில்லை. நம் தலைமுறைக்கு அந்தக் கல்வெட்டை மாற்ற முடியாது. நம் காலத்து வீடுகளுக்குச் சோறு கொண்டுபோக முடியும்.

இந்த வரலாறு நமக்குக் கற்பிக்கும் நடைமுறைகள் சில உண்டு.

முதலாவது, காயம்பட்டவரோடு அவர் குடும்பத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். நபி (ஸல்) அவர்கள் உணவனுப்பச் சொன்னது ஜஅஃபரின் வீட்டாருக்கு. இராணுவ மருத்துவமனையில் உள்ளவருக்கு நிர்வாகமே உணவளிக்கும், வெளியுணவுக்குக் கட்டுப்பாடும் இருக்கும். வெளியே காத்திருக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும் அந்த ஏற்பாடு இருப்பதில்லை. மணவூரைக் கடந்து காட்பாடிக்குச் செல்லும் இரயில்களில் வேலூர் மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்களும் இருக்கிறார்கள். மொழி புரியாத ஊரில் அவர்கள் தேடுவது காரம் குறைந்த ஒரு கவளம் சோறு.

இரண்டாவது, அவர்களால் எதை உண்ண முடியும் என்று கேட்க வேண்டும். நெய்ச்சோறும் தால்ச்சாவும் நம் பெருமை. அறுவை சிகிச்சை முடிந்தவருக்குக் குழைந்த கஞ்சியே தேவை. மருத்துவர் விலக்கியதையும் அவரவர் சமயம் விலக்கியதையும் அறிந்து சமைப்பது மரியாதை. நமக்கு ஹலால் எவ்வளவு முக்கியமோ, சைவம் உண்பவருக்கு அவருடைய விரதம் அவ்வளவு முக்கியம். நம் பாத்திரத்தில் அவர் தயங்கினால் கடையில் வாங்கிய பழமும் பாலும் போதும்.

மூன்றாவது, மூன்று நாளோடு நின்றுவிடலாகாது. உறுப்பிழந்து திரும்பிய ஒருவரின் வீட்டில் துயரம் ஆண்டுகளாக நீடிக்கும். கூட்டம் கலைந்தபின் பானையை அடுப்பிலேற்றிய ஆயிஷா (ரலி) அவர்களின் முன்மாதிரி இங்கே பொருந்துகிறது. முதல் வாரத்தில் பத்து வீட்டுச் சாப்பாடு வந்து வீணாவதைவிட, ஆறு மாதத்துக்கு வாரம் ஒருமுறை ஒரு வீட்டிலிருந்து வருவது மேல். ஜமாஅத்தின் பெண்கள் முறைப்பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டால் எவர்மீதும் சுமை விழாது.

நான்காவது, பெறுபவரின் முகம் நம் கைப்பேசியில் பதிய வேண்டியதில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாத்திரத்தைத் திரும்ப வாங்கப் போகும்போது சிறிது நேரம் அமர்ந்து பேசிவிட்டு வருவது படம் எடுப்பதைவிடப் பயனுள்ளது.

அஸ்மா (ரலி) பிசைந்து வைத்த மாவு அன்று ரொட்டியாகவில்லை. வேறொரு வீட்டு அடுப்பில் வாற்கோதுமை வெந்து, எண்ணெயும் மிளகும் சேர்ந்து, தந்தையை இழந்த பிள்ளைகளின் முன் வைக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) பிற்காலத்தில் மதீனாவின் மிகப்பெரும் கொடையாளர்களுள் ஒருவராக விளங்கினார்கள். அந்த உணவின் சுவையைப் பல்லாண்டுகளுக்குப் பின்னரும் அவர்கள் நினைவுகூர்ந்து சொன்னதால்தான் அது நமக்கும் தெரியவந்தது.

துயருற்ற வீடுகளுக்கு ஆறுதலைக் கொண்டுசெல்லும் கரங்களாக நம் கரங்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.